விழித்திரையின் படமும் முதியோர் பார்வையும்

முதுமை வந்தால் கண் மங்குவது இயற்கை என்பது நம் வீடுகளில் வழங்கும் பேச்சு. இப்பேச்சில் ஓரளவு உண்மை உண்டு. நாற்பது வயதைக் கடந்தவர் படிப்பதற்குக் கண்ணாடி தேடுகின்றனர். அறுபதைக் கடந்தவருள் பலருக்குக் கண்புரை தோன்றுகின்றது. முன்னதைக் கண்ணாடி சரிசெய்கின்றது. பின்னதை அறுவைச் சிகிச்சை நீக்குகின்றது. ஆயினும், "வயதானால் இப்படித்தான்" என்று சொல்லி நாம் வாளாவிருக்கும் மங்கல்கள் யாவும் இவ்விரண்டில் அடங்கிவிடுவன அல்ல. காலந்தாழ்த்தினால் மீட்க முடியாதபடி பார்வையின் நடுப்பகுதியை அழித்துவிடும் நோய் ஒன்று முதியோரிடையே உண்டு. அந்நோயைப் பற்றியும், அதற்குச் செய்யும் சிகிச்சை பயன் தருகின்றதா என்பதை விழித்திரையின் படங்களைக் கொண்டு மருத்துவர் எவ்வாறு அறிகின்றனர் என்பதைப் பற்றியும் இன்று சில கூற விரும்புகின்றோம். தமிழகத்திற்கு வெளியே வாழும் நம் குடும்பங்கள் இச்செய்தியைச் சிறப்பாக அறிந்திருக்க வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

கண்ணின் பின்புறச் சுவரில் உட்புறமாகப் படிந்துள்ள மெல்லிய படலமே விழித்திரை. வெளியுலகின் உருவங்கள் இதன்மீது விழுகின்றன. இதிலுள்ள நுண்ணிய உயிரணுக்கள் ஒளியை உணர்ந்து, நரம்பின் வழியாக மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. இத்திரையின் நடுவில், குறுக்களவில் ஏறத்தாழ ஐந்தரை மில்லிமீட்டர் உள்ள ஒரு பகுதி சிறிதே மஞ்சள் நிறம் பூண்டு விளங்குகின்றது. மருத்துவர் இதனை மாக்யுலா என்பர். தமிழில் மஞ்சள் புள்ளி எனலாம். அளவிற் சிறியதாயினும் தொழிலிற் பெரியது இப்பகுதி. எழுத்தைப் படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, அரிசியில் கல் பொறுக்குவது, எதிரே நிற்பவர் மகனா மருமகனா என்று முகம் பார்த்து அறிவது ஆகிய யாவும் இதன் வேலையே. எஞ்சிய விழித்திரை சுற்றுப்புறத்தைக் காட்டி, நடமாட உதவுகின்றது. ஆகவே மஞ்சள் புள்ளி பழுதுற்றவர் முழு இருளில் மூழ்கிவிடுவதில்லை. அவர் வீட்டிற்குள் நடமாடுவார்; ஆனால் பேரப்பிள்ளையின் முகத்தை நேரே நோக்கினால், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கருநிழலே தெரியும்.

முதுமையில் இப்பகுதி சிதையும் நோய் இருவகைப்படும். ஒன்று உலர்ந்த வகை. மற்றொன்று ஈர வகை. விழித்திரைக்கு அடியில், அதற்கு உணவூட்டியும் கழிவை அகற்றியும் பணி செய்யும் உயிரணு வரிசை ஒன்று உள்ளது. ஆண்டுகள் செல்லச்செல்ல அவ்வரிசையின் கீழே கழிவுகள் சிறுசிறு மஞ்சள் பொட்டுகளாகத் தேங்குகின்றன. இவற்றை ட்ரூசன் என்பர். இவை பெருகினால் விழித்திரையின் உயிரணுக்கள் மெல்ல மெல்லத் தேய்கின்றன. இஃது உலர்ந்த வகை. நோயுற்றோருள் பத்தில் ஒன்பதின்மர்க்கு உள்ளது இதுவே. இது பெரும்பாலும் பல ஆண்டுகளில் மெதுவாக வளர்வது. ஈர வகையோ வேறு இயல்பினது. அடியிலுள்ள குருதிக்குழாய்ப் படலத்திலிருந்து, இயல்புக்கு மாறான புதுக்குழாய்கள் கிளைத்து விழித்திரைக்குக் கீழே புகுகின்றன. அவை வலுவற்றவை, நீரும் குருதியும் அவற்றினின்று கசிகின்றன. சுவரில் ஓதம் ஏறினால் மேற்பூச்சு உப்பிப் பின் உதிர்வது போல, இக்கசிவினால் விழித்திரை உப்பி, நாளடைவில் தழும்பாகிவிடுகின்றது. இது நிகழ்வதற்கு ஆண்டுகள் வேண்டியதில்லை. வாரங்களும் மாதங்களுமே போதும். நோயுற்றோருள் சிறுபான்மையினரே ஈர வகைக்கு ஆட்படுகின்றனர். ஆயினும் தக்க மருந்து கிடைப்பதற்கு முன்பு, இந்நோயினால் பார்வையைக் கடுமையாக இழந்தவருள் பெரும்பாலோர் இவர்களே.

இந்நோயில் வலி இல்லை; கண் சிவப்பதில்லை; நீர் வடிவதில்லை. ஒரு கண் கெட்டாலும் மற்றொன்று அதன் குறையை மறைத்துவிடுகின்றது. நேர்க்கோடுகள் வளைந்து தோன்றுவதே பெரும்பாலும் முதற்குறி. வாசலில் இட்ட புள்ளிக் கோலத்தின் நேரிழை நடுவில் நெளிந்து தெரியும். சன்னற் கம்பி வளைந்து தோன்றும். செய்தித்தாளின் வரியில் ஓர் எழுத்து விடுபட்டது போலிருக்கும். "கண்ணாடியை மாற்ற வேண்டும் போலும்" என்று முதியவர் சொல்வார். வீட்டாரும் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பர். கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம் என்னும் பழமொழி இங்குச் சொல்லுக்குச் சொல் பொருந்துவதாகின்றது.

கண்ணுக்குள் நடப்பதைக் கண்ணால் காண்பது எப்படி? ஜெர்மானிய அறிஞரான ஹெல்ம்ஹோல்ட்ஸ், உயிருள்ள மனிதரின் விழித்திரையைக் காண உதவும் கருவியை 1851-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். அதன்பின் விழித்திரையை நிழற்படம் எடுக்கவும் மருத்துவர் கற்றனர். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராயிருந்த நோவோட்னி, ஆல்விஸ் என்னும் இருவர் 1961-ஆம் ஆண்டில் மேலும் ஒரு முறையை வெளியிட்டனர். ஃப்ளூரசின் என்னும் சாயத்தைக் கையின் குருதிக்குழாயில் செலுத்தி, அது விழித்திரைக் குழாய்களின் வழியே ஓடி ஒளிர்வதை அடுத்தடுத்துப் படம் பிடிப்பது அம்முறை. முதலில் அவர்கள் படம் பிடித்தது ஆல்விஸின் கண்ணையே. எந்தக் குழாய் கசிகின்றது, எவ்விடத்தில் கசிகின்றது என்பதை இப்படங்கள் காட்டின. ஈர வகையைக் கண்டறிவதற்கு நெடுங்காலம் இதுவே உரைகல்லாக இருந்தது. இன்றும் ஐயம் எழும்போது இதனை நாடுகின்றனர். ஆனால் ஊசி குத்த வேண்டும். சிலருக்குக் குமட்டல் உண்டாகும். மிகச்சிலருக்கு ஒவ்வாமையும் நேரும். மாதந்தோறும் செய்வதற்கு இது தக்க முறையன்று. மேலும், இது மேலிருந்து நோக்கும் காட்சி. எந்த அடுக்கில் எவ்வளவு நீர் தேங்கியுள்ளது என்று அளந்து சொல்ல இதனால் இயலாது.

அவ்வளவைக் கூறும் கருவி 1991-ஆம் ஆண்டில் பிறந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ, அவரிடம் ஆராய்ச்சி மாணவராயிருந்த டேவிட் ஹுவாங், லிங்கன் ஆய்வகத்தின் எரிக் ஸ்வான்சன் ஆகியோரும், கார்மன் புலியாஃபிட்டோ, ஜோயல் ஷுமன் முதலிய கண் மருத்துவர்களும் கூடி இதனை ஆக்கினர். ஆப்டிகல் கொஹீரன்ஸ் டோமோகிராபி என்பது இதன் முழுப் பெயர், மருத்துவமனைகளில் ஓ.சி.டி. என்றே வழங்குகின்றது. ஃபுஜிமோட்டோ, ஹுவாங், ஸ்வான்சன் ஆகிய மூவர்க்கும் 2023-ஆம் ஆண்டின் லாஸ்கர் பரிசு இதற்காக வழங்கப்பெற்றது.

இக்கருவி இயங்கும் முறை அறிந்து மகிழத் தக்கது. பாழுங்கிணற்றில் கல்லை எறிந்து, ஓசை வரும் நேரத்தைக் கொண்டு ஆழத்தை மதிப்பிடுவது நாட்டுப்புறச் சிறுவரும் அறிந்ததே. கண்ணுக்குள் ஒளியைச் செலுத்தி, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் அது திரும்பி வரும் நேரத்தை அளந்தால் அடுக்குகளின் ஆழம் விளங்கும் அல்லவா? ஆனால் ஒளி, நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்வது. கால் மில்லிமீட்டர்க் கனமுள்ள விழித்திரையை அது கடக்கும் நேரத்தைக் கடிகாரம் கொண்டு அளக்க முடியாது. எனவே விஞ்ஞானிகள் ஓர் உபாயம் செய்தனர். ஒளியை இரு கூறாக்கி, ஒன்றைக் கண்ணுக்கும் மற்றொன்றைத் தூரம் தெரிந்த ஓர் ஆடிக்கும் அனுப்பினர். இரண்டும் சமதூரம் சென்று திரும்பினால்தான் ஒன்றோடொன்று இணைந்து குறி காட்டும். ஆடியை நகர்த்த நகர்த்த, எந்த ஆழத்திலிருந்து ஒளி திரும்பியது என்பது புலனாகும். இன்றைய கருவிகளில் ஆடியை நகர்த்தும் தேவையும் இல்லை. திரும்பும் ஒளியை நிறம் நிறமாகப் பகுத்து எல்லா ஆழங்களையும் ஒரே சமயத்தில் கணித்துவிடுகின்றனர். 2002-ஆம் ஆண்டளவில் வந்த கருவி நொடிக்கு 400 கோடுகளை எடுத்தது. 2006-ஆம் ஆண்டு முதல் வந்தவை நொடிக்கு இருபதினாயிரத்திற்கும் மேற்பட்ட கோடுகளை எடுக்கின்றன. நோயாளி செய்ய வேண்டுவதெல்லாம், முகவாயைத் தாங்கியில் வைத்து, உள்ளே தெரியும் புள்ளியைச் சில நொடிகள் அசையாது நோக்குவதே. ஊசி இல்லை, தொடுதல் இல்லை, எக்ஸ்-கதிரும் இல்லை.

கிடைக்கும் படம், விழித்திரையைக் கத்தியால் வெட்டிப் பக்கவாட்டில் வைத்துப் பார்ப்பது போன்றது. அடுக்கடுக்கான வரிகளும், நடுவே ஒரு சிறு பள்ளமும் தெரிந்தால் விழித்திரை நலமாக உள்ளது என்று கொள்ளலாம். அடுக்குகளுக்குள் கருங்குமிழிகள் தோன்றினால் விழித்திரைக்குள்ளேயே நீர் ஊறியுள்ளது. விழித்திரைக்கும் அதன் கீழுள்ள உயிரணு வரிசைக்கும் இடையே கருநிறப் பிளவு தெரிந்தால் அடியில் நீர் தேங்கியுள்ளது. அவ்வுயிரணு வரிசையே மேடிட்டு எழுந்திருந்தால் அதற்கும் கீழே கசிவு உள்ளது. இம்மூன்றையும் வேறுபிரித்து அறிவதோடு, மைக்ரான் கணக்கில் அளந்தும் விடலாம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இங்கு, ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் கணக்குச் செல்லாது. ஒரு வெட்டில் தெரியாத நீர் அடுத்த வெட்டில் ஒளிந்திருக்கலாம். ஆதலின் மஞ்சள் புள்ளி முழுவதையும் பல வெட்டுகளாக எடுத்து, ஒவ்வொன்றையும் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வர்.

படம் தயாராயிருந்த காலத்தில் மருந்தும் வந்து சேர்ந்தது. புதுக்குழாய்களை வளரத் தூண்டும் வி.ஈ.ஜி.எஃப். என்னும் புரதத்தை 1989-ஆம் ஆண்டில் நெப்போலியோனே ஃபெராராவும் அவருடைய குழுவினரும் பிரித்தெடுத்து அறிவித்தனர். அப்புரதத்தைத் தடுத்தால் குழாய்கள் அடங்கும் என்பது எதிர்பார்ப்பு. அதுவரை லேசர் ஒளியால் சுடுவதும், மருந்து செலுத்தி ஒளி பாய்ச்சுவதும் இழப்பைக் குறைக்கவே பயன்பட்டன. இழந்த பார்வையைப் பெரும்பாலும் மீட்டுத் தரவில்லை. 2006-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ரேனிபிசுமாப் என்னும் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதனைச் சோதித்த மரினா என்னும் ஆய்வில், மாதந்தோறும் கண்ணுக்குள் ஊசி போடப்பெற்றோர் ஓராண்டின் முடிவில் பார்வைப் பலகையில் சராசரியாக ஏழு எழுத்துகள் கூடுதலாகப் படித்தனர். மருந்து பெறாதோர் பத்து எழுத்துகளை இழந்தனர். இந்நோயில் சராசரிப் பார்வை உயர்ந்தது என்பது அதுவரை கேளாத செய்தி.

இதற்கிடையில், குடற்புற்று நோய்க்கென வந்த பெவாசிசுமாப் என்னும் மருந்தும் அதே புரதத்தைத் தடுப்பது என்பதால், மயாமி நகரின் பாஸ்கம் பாமர் கண் மருத்துவக் கழகத்தைச் சார்ந்த ஃபிலிப் ரோசன்ஃபெல்டு 2005-ஆம் ஆண்டில் அதனை மிகச் சிறிய அளவில் ஒரு நோயாளியின் கண்ணில் செலுத்திப் பார்த்தார். ஒரு வாரத்திற்குள் ஓ.சி.டி. படத்தில் விழித்திரையின் அடியிலிருந்த நீர் வற்றியிருந்தது. ஒரு பெருஞ்செலவைத் தவிர்க்கும் வழி இவ்வாறு ஒரு படத்தின் வாயிலாகவே புலப்பட்டது. அமெரிக்க அரசின் உதவியுடன் நடந்த கேட் என்னும் ஆய்வு, இவ்விரு மருந்துகளையும் ஒப்பிட்டு 2011-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டது. ஒரே கால ஒழுங்கில் கொடுத்தபோது இரண்டும் பார்வைக்கு நிகரான பயனையே தந்தன. அந்நாளில் அந்நாட்டில் ஒன்றன் விலை ஒரு வேளைக்கு ஏறத்தாழ 2,000 டாலர். மற்றதன் விலை ஏறத்தாழ 50 டாலர். நம் நாட்டிலும் 2015-ஆம் ஆண்டில், ரேனிபிசுமாபுக்கு நிகரான மருந்தை உள்நாட்டு நிறுவனம் ஒன்று விற்பனைக்குக் கொணர்ந்தது.

இனி நாம் எடுத்துக்கொண்ட பொருளின் நடுப்பகுதிக்கு வருவோம். இம்மருந்துகள் நோயை வேரறுப்பன அல்ல, அடக்கி வைப்பன. சில வாரங்களில் மருந்தின் ஆற்றல் தீர்ந்ததும் பலருக்குக் கசிவு மீண்டும் தொடங்குகின்றது. ஆகவே எத்தனை ஊசி, எவ்வளவு இடைவெளியில் என்னும் கேள்வி எழுகின்றது. மாதந்தோறும் என்றால் முதியவருக்கும் துன்பம், குடும்பத்திற்கும் செலவு. தேவையின்றிப் போடும் ஒவ்வோர் ஊசியும் வீண் இடரே. ஏனெனில் சில ஆயிரம் ஊசிகளில் ஒன்று கண்ணுக்குள் கிருமி புகுவதற்கு இடந்தரக் கூடும். ஆனால் தேவையான ஊசி ஒன்று தவறினால் இழப்பது பார்வையை.

இக்கேள்விக்குப் படத்தைக் கொண்டு விடை காண முயன்றது பிராண்டோ என்னும் சிறிய ஆய்வு. மேற்கூறிய மயாமி மருத்துவர்கள் நாற்பது நோயாளிகளுக்கு முதல் மூன்று மாதமும் ஊசி போட்டு, அதன்பின் மாதந்தோறும் படம் எடுத்து, நீர் மீண்டும் தென்பட்டபோதும் பார்வை குறைந்தபோதும் மட்டும் ஊசி போட்டனர். 2007-ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, முதலாண்டில் ஒருவருக்குச் சராசரியாக 5.6 ஊசிகளே தேவைப்பட்டன. பார்வையோ ஒன்பது எழுத்துகள் உயர்ந்தது. பன்னிரண்டு ஊசிகளின் பணியை ஏறத்தாழ ஆறு ஊசிகள் செய்தன எனலாம். ஆயினும் இதில் கருதத் தக்கது ஒன்றுண்டு. ஊசி குறைந்ததே அன்றி வருகை குறையவில்லை. மாதந்தோறும் வந்து, மாதந்தோறும் படம் எடுத்தமையால்தான் ஊசியைக் குறைக்க முடிந்தது.

இவ்வுண்மையை மறந்தால் வரும் விளைவையும் வேறோர் ஆய்வு காட்டுகின்றது. ரேனிபிசுமாப் ஆய்வுகளில் பங்குகொண்டு, அவை முடிந்தபின் தத்தம் ஊரில் இயன்றபோது சிகிச்சை பெற்றுவந்த 65 பேரை, ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் சோதித்து 2013-ஆம் ஆண்டில் செய்தி வெளியிட்டனர். ஆய்வுக் காலத்தில் உயர்ந்திருந்த பார்வை அப்போது, தொடக்கத்தில் இருந்ததைக் காட்டிலும் சராசரியாக எட்டு எழுத்துகளுக்கு மேல் தாழ்ந்திருந்தது. மூன்றில் ஒரு பங்கினர்க்கு மேற்பட்டோர் மிகக் குறைந்த பார்வையுடன் இருந்தனர். ஓ.சி.டி. படம் எடுத்தபோது, மூன்றில் இரண்டு பங்குக் கண்களில் நோய் இன்னும் கசிந்துகொண்டே இருந்தது. ஆண்டுகள் சென்றதால் நோய் தானே தணிந்துவிடவில்லை. ஆனால் ஊசியும் வருகையும் பெரிதும் குறைந்துபோயிருந்தன. மறுபுறம், கேட் ஆய்வில் பங்குகொண்டோரை ஐந்தாண்டுகளுக்குப் பின் சோதித்தபோது, அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் 6/12 அல்லது அதனினும் மேலான பார்வையுடன் இருந்தனர். அந்த அளவு பார்வை இருந்தால் செய்தித்தாள் படிக்கலாம்.

இக்காலத்தில் பல மருத்துவர்கள் கைக்கொள்வது, இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டும் முறை. கசிவு வற்றும்வரை நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஊசி. வற்றியபின் ஆறு வாரம், எட்டு வாரம் என்று இடைவெளியை நீட்டி, ஒவ்வொரு வருகையிலும் படம் எடுத்துப் பார்ப்பர். நீர் மீண்டும் தென்பட்டால் இடைவெளியைக் குறைப்பர். 2011-இல் வந்த அஃப்லிபெர்செப்ட், 2022-இல் வந்த ஃபாரிசிமாப் ஆகிய மருந்துகள் சிலருக்கு இவ்விடைவெளியை மேலும் நீட்ட உதவுகின்றன. எல்லா நீரும் ஒரே தன்மையினது அன்று என்பதையும் படங்கள் உணர்த்தியுள்ளன. விழித்திரைக்குள் ஊறிய நீர் பார்வைக்குக் கேடு செய்வது. அடியில் தேங்கிய மிகச் சிறிதளவு நீரை மருத்துவர் சில சமயம் பொறுத்துக்கொள்வதும் உண்டு. எனவே, "படத்தில் நீர் இருக்கிறது என்றார்கள், ஆனாலும் இடைவெளியைக் குறைக்கவில்லையே" என்று குடும்பத்தார் கலங்க வேண்டியதில்லை, காரணத்தைக் கேட்டறியலாம்.

படத்தால் எல்லாம் ஆகிவிடும் என்று நாம் கூறவில்லை. தழும்பாகிவிட்ட இடத்தில் நீர் வற்றினாலும் பார்வை மீளாது. படம் தெளிந்தும் எழுத்துத் தெரியவில்லை என்று முதியவர் சொன்னால், அச்சொல்லுக்கும் படத்திற்கு நிகரான மதிப்பு உண்டு. மேலும், ஆசிய மக்களிடையே மிகுதியாகக் காணப்படும் ஒரு வகையில், குருதிக்குழாய்களின் நுனியில் சிறு முடிச்சுகள் தோன்றுகின்றன. அவற்றை உறுதியாக அறிய வேறொரு சாயப்படம் தேவைப்படுகின்றது. உலர்ந்த வகைக்கு இவ்வூசிகள் பயன்படா. அவ்வகையின் முற்றிய நிலையில் தேய்வின் வேகத்தைக் குறைக்கும் இரு மருந்துகள் 2023-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றன; அவையும் இழந்த பார்வையைத் திருப்பித் தருவன அல்ல.

முதலிற் குறிப்பிட்ட காரணத்தை இனிச் சொல்வோம். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் வாழும் நம் குடும்பங்களில் பெற்றோர் ஓரிடத்தில் நிலைத்திருப்பது அரிது. மார்கழி வந்தால் வடநாட்டுக் குளிருக்கு அஞ்சி ஊருக்குப் போகின்றனர். கோடையில் மூத்த மகன் வீடு. மகளுக்குப் பிள்ளைப்பேறு என்றால் அங்கே நான்கு மாதம். அன்பினால் அமைந்த இவ்வழக்கம் இந்நோய்க்கு மட்டும் ஒவ்வாததாகிவிடுகின்றது. மதுரையில் முதல் ஊசி, இரண்டாவது தில்லியில், மூன்றாவது, பயணச்சீட்டுக் கிடைக்காமையால் தள்ளிப்போகின்றது. நான்காவது மருத்துவர் முன் அமரும்போது பழைய படம் ஒன்றும் கையில் இல்லை. இப்போது தெரியும் நீர் குறைந்துவரும் நீரா, புதிதாக ஊறிய நீரா என்று அவர் எங்ஙனம் அறிவார்? ஒரு தனிப்படம் இன்றைய நிலையை மட்டுமே சொல்லும். நோய் ஏறுகின்றதா இறங்குகின்றதா என்பதை வரிசையாக வைத்த படங்களே சொல்லும்.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. அறிக்கைத் தாளில் விழித்திரையின் கனம் இத்தனை மைக்ரான் என்று எண்ணாக எழுதப்பட்டிருக்கும். அவ்வெண்ணை மட்டும் குறித்துவைத்தால் போதும் என்று எண்ணுவோர் பலர். ஆனால் வெவ்வேறு நிறுவனத்தார் ஆக்கிய கருவிகள், விழித்திரையின் கீழெல்லையை வெவ்வேறு வரியில் வைத்து அளக்கின்றன. ஆதலின் ஒரே கண்ணை ஒரே நாளில் இரு கருவிகளில் அளந்தாலும் எண்கள் பல மைக்ரான் வேறுபடக் கூடும். சென்னையில் 260 என்றும் மும்பையில் 300 என்றும் வந்தால் நோய் முற்றிவிட்டது என்று அஞ்சுவதும், மாறாக வந்தால் குணமாகிவிட்டது என்று மகிழ்வதும் தவறு. எண்ணைக் காட்டிலும் படமே உரியது. இயன்றவரை ஒரே மருத்துவமனையில், ஒரே வகைக் கருவியில் தொடர்வது நலம். இயலாதபோது படங்கள் உடன் செல்ல வேண்டும்.

ஆகவே, குடும்பத்தில் ஒருவர் இதற்குப் பொறுப்பேற்பது நல்லது. முதல் ஊசிக்கு முன் எடுத்த படம் மிகவும் இன்றியமையாதது; அதனை எக்காரணத்தாலும் இழத்தல் ஆகாது. ஒவ்வொரு வருகையின் படத்தையும் அச்சுத் தாளாகவும், கூடுமாயின் கணிப்பொறிக் கோப்பாகவும் கேட்டுப் பெற வேண்டும். எந்தக் கண், எந்த நாள், எந்த மருந்து, எத்தனையாவது ஊசி, அன்றைய பார்வை அளவு என்ன என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் வரிசையாக எழுதிவரலாம். கருவியின் பெயரும் அத்தாளிலேயே அச்சாகியிருக்கும், அதனையும் குறித்துக்கொள்ளலாம். பயணம் வகுக்கும்போது, அடுத்த ஊசி நாளைப் பார்த்துப் பயணச்சீட்டு எடுக்க வேண்டுமேயன்றி, பயணச்சீட்டைப் பார்த்து ஊசியைத் தள்ளிவைத்தல் கூடாது. செல்லும் ஊரில் சிகிச்சை பெற வேண்டுமாயின், புறப்படும் முன்பே இப்போதைய மருத்துவரிடம் ஒரு கடிதம் பெற்றுச் செல்வது உதவும். மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னையில் 1978-இல் டாக்டர் பத்ரிநாத் தொடங்கிய சங்கர நேத்ராலயா, தில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சார்ந்த ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மையம், ஐதராபாத்தின் எல். வி. பிரசாத் கண் மருத்துவக் கழகம் போன்ற இடங்களில் விழித்திரைக்கெனத் தனிப்பிரிவுகள் உள்ளன.

மொழியும் ஒரு தடையாகின்றது. நேர்க்கோடு நெளிந்து தெரிகின்றது என்று தமிழில் நன்கு சொல்லத் தெரிந்த தாய், இந்தியிலோ மராத்தியிலோ கேட்கும் மருத்துவரிடம் "கண் சரியாகத் தெரியவில்லை" என்னும் அளவோடு நிறுத்திக்கொள்கின்றார். உடன் செல்லும் மகனோ மருமகளோ முன்கூட்டியே அவரிடம் கேட்டறிந்து, எந்தக் கண்ணில், எப்போது முதல், என்ன மாற்றம் என்று மருத்துவரிடம் விளங்கச் சொல்ல வேண்டும். அவசரமாகத் திரும்பும் நோக்கத்துடன் அவருக்காக நாமே விடை கூறிவிடுதலும் தகாது. தெரிவது அவர் கண்ணுக்கே.

வீட்டிலேயே செய்யத் தக்க சோதனை ஒன்றும் உண்டு. சுவிட்சர்லாந்து நாட்டுக் கண் மருத்துவர் மார்க் ஆம்ஸ்லர் வகுத்த கட்டத்தாள், குறுக்கும் நெடுக்குமாகக் கோடிட்டு நடுவே ஒரு புள்ளி வைத்தது. படிக்கும் கண்ணாடியை அணிந்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் அப்புள்ளியை நோக்க வேண்டும். கோடு நெளிந்தாலோ இடையே மறைந்தாலோ அன்றே மருத்துவரை நாட வேண்டும். தாள் இல்லையாயின் குளியலறை ஓடுகளின் கோடும், சன்னற் கம்பியும், கதவுச் சட்டமும் உதவும். ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே சோதிப்பதே இதில் முக்கியம். ஒரு கண்ணில் ஈர வகை வந்தவர்க்கு மறு கண்ணிலும் வரும் வாய்ப்பு மிகுதி என்பதால், நல்ல கண்ணையே மிகுந்த கவனத்துடன் காத்தல் வேண்டும். புகைபிடித்தலை விடுவது இந்நோய்க்கு நாமே செய்துகொள்ளக் கூடிய பெருந்தடை. உலர்ந்த வகையின் இடைநிலையில் உள்ளோர்க்குக் குறிப்பிட்ட அளவில் வைட்டமின்களும் துத்தநாகமும் சேர்ந்த மாத்திரைகள் நோய் முற்றுவதை ஓரளவு தடுக்கின்றன என்று அமெரிக்க ஆய்வுகள் 2001-இலும் 2013-இலும் காட்டின. ஆயினும் மருத்துவர் சொல்லாமல் அவற்றை உண்ணுதல் வேண்டா.

2024-ஆம் ஆண்டில், நோயாளி தம் வீட்டிலேயே அமர்ந்து நாள்தோறும் படம் எடுத்துக்கொள்ளும் சிறு கருவி ஒன்றுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்துள்ளது. அத்தகைய கருவிகள் நம் வீடுகளுக்கு வரும் நாளில், ஊர் மாறும் முதியோரின் துன்பம் பெரிதும் குறையும். அதுவரை, அந்தத் தொடர்ச்சியைக் காக்கும் பொறுப்பு குடும்பத்தினுடையது. ஊருக்குப் போகும் பெற்றோரின் பெட்டியில் ஊறுகாய்ச் சாடியையும் கம்பளியையும் மறவாது வைக்கும் நாம், விழித்திரைப் படங்கள் அடங்கிய உறையையும் அடுத்த ஊசி நாளைக் குறித்த தாளையும் அவற்றுக்கு மேலாக வைத்தனுப்புவோமாக.